பட்ஜெட்டுக்கு முந்திய கருத்துத் திரட்டு: எந்தக் கதவைத் தட்டினால் பதில் வரும்?

சிங்கப்பூரில் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ நிதி அமைச்சும், மக்கள் கருத்தைத் திரட்டும் அரசாங்க அமைப்பான ரீச்சும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கத் தொடங்கும். ஜனவரி நடுப்பகுதிவாக்கில் முடித்துக்கொள்வார்கள். பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிக்கை, ஏப்ரல் 1ல் புதிய நிதியாண்டு. வரி கட்டுகிறவர்களும் பற்றுச்சீட்டு பெறுகிறவர்களும் காசு செலவில்லாமல் பயன்படுத்தக்கூடிய சேவை இது. ஆனால் எதைக் கேட்டால் எடுபடும், எதைக் கேட்டால் எடுபடாது என்று தெரிந்துகொண்டு போனால்தான் பலன் உண்டு.

ரீச் 1985ல் கருத்தறியும் பிரிவாகத் தொடங்கி, 2006ல் இப்போதைய பெயரைப் பெற்றது. பட்ஜெட் நேரத்தில் அதற்குப் பல வாசல்கள்: இணையப் படிவம், ஆள் நடமாட்டம் உள்ள இடங்களில் அமைக்கும் கருத்துக் கூடங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், கலந்துரையாடல் கூட்டங்கள். இவற்றோடு மக்கள் கழகத்தின் அடித்தள அமைப்புகளும் வட்டார அளவில் கருத்துத் திரட்டும். அணுகுவதற்கு எளிது என்ற வகையில் இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். கூடத்தில் நின்று இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறவரும், உட்கார்ந்து நான்கு பத்தி எழுதுகிறவரும் ஒரே சேவையைப் பயன்படுத்த முடிகிறது.

குறை தொடங்குவது அதற்குப் பிறகுதான். டிசம்பரில் கருத்துக் கேட்கும்போது அமைச்சுகளின் ஒதுக்கீடுகள் பெரும்பாலும் உருவெடுத்திருக்கும். ஒவ்வோர் அமைச்சும் தனக்கென வரையறுத்த உச்சவரம்புக்குள்தான் செலவைத் திட்டமிட வேண்டும். பெரிய வரி மாற்றங்களோ அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும். ஜிஎஸ்டி எனும் பொருள், சேவை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 7லிருந்து 9 விழுக்காட்டுக்கு உயரும் என்ற அறிவிப்பு 2018 பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. 2023 ஜனவரி 1ல் 8, 2024 ஜனவரி 1ல் 9 என்று அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் 'ஏற்ற வேண்டாம்' என்று எழுதியவர்கள் ஏராளம். விகிதம் மாறவில்லை.

ஆனால் விகிதத்தைச் சுற்றியிருந்தவை மாறின. ஜிஎஸ்டி சுமையைத் தணிப்பதற்கான உத்தரவாதத் தொகுப்பு 2020ல் 6 பில்லியன் வெள்ளியாக அறிவிக்கப்பட்டது. 2022 பட்ஜெட்டில் அது 6.6 பில்லியன் ஆனது, 2023 பட்ஜெட்டில் 9.6 பில்லியன் ஆனது, பின்னர் 10 பில்லியனையும் தாண்டியது. விலைவாசி ஏறியதே முதல் காரணம். மக்களிடமிருந்து வந்த கருத்துகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இருந்தாலும் நகரக்கூடிய பகுதி எது என்பது இதிலிருந்து தெளிவு: தொகை, வரம்பு, தகுதி விதி, வழங்கும் முறை. உங்கள் கருத்து இந்த நான்கில் ஒன்றைத் தொட வேண்டும்.

சொத்து வரியும் இப்படித்தான். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடுதான் ஆண்டு மதிப்பு. வாடகை ஏறியதால் அது உயர்ந்தது, விகிதம் மாறாத வீடுகளுக்கும் வரி கூடியது. அதை ஈடுகட்ட 2024 பட்ஜெட்டில் வரம்புகள் திருத்தப்பட்டன. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் முதல் 8,000 வெள்ளி வரை வரியில்லை என்றிருந்தது, 2025 ஜனவரி 1 முதல் 12,000 வெள்ளி ஆனது. ஆண்டு மதிப்பு 20,000 வெள்ளி என்றால், முன்பு மீதி 12,000க்கு 4 விழுக்காடு, அதாவது 480 வெள்ளி. இப்போது மீதி 8,000க்கு 320 வெள்ளி. கழிவுகளுக்கு முந்திய கணக்கு இது. 'சொத்து வரியைக் குறையுங்கள்' என்று எழுதுவதைவிட 'ஆண்டு மதிப்பு ஏறியதற்கு ஏற்ப வரம்பை நகர்த்துங்கள்' என்று எழுதுவதற்கு ஏன் வலு அதிகம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

படிவத்தில் என்ன எழுதலாம்? 'முதியவர்களுக்கு இன்னும் உதவி தேவை' என்ற வாக்கியம் யாராலும் மறுக்க முடியாதது, அதனாலேயே யாருக்கும் பயன்படாதது. அதே அக்கறையை இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுத் திட்டத்தின் ரொக்கத் தொகை 2025ல், வீட்டின் ஆண்டு மதிப்பு 21,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு 850 வெள்ளி, 31,000 வரை உள்ளவர்களுக்கு 450 வெள்ளி. மகனுடைய தனியார் வீட்டு முகவரியில் வசிக்கும், சொந்த வருமானமே இல்லாத தாயார், அந்த வீட்டின் ஆண்டு மதிப்பு 31,000க்கு மேல் என்பதால் விடுபட்டுப் போகிறார். வீட்டு உரிமையாளராக இல்லாத, 65 வயதைத் தாண்டிய, வருமானமில்லாத குடியிருப்பாளருக்குத் தனி விதி பரிசீலிக்கலாம்.' திட்டத்தின் பெயர், இப்போதுள்ள விதி, யார் விடுபடுகிறார், எந்தச் சொல்லை மாற்றினால் சரியாகும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. படிக்கும் அதிகாரி இதைச் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அப்படியே அனுப்பலாம். ஒரு கருத்துக்கு ஒரு விஷயம் போதும். ஐந்து குறைகளை ஒரே பத்தியில் கொட்டினால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்றே தெரியாமல் போகும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் ஒரு வரியில் தொட்டுவிடுவது நல்லது. 'ரிசர்வில்தான் நிறைய இருக்கிறதே' என்ற வாதம் அடிக்கடி வரும், அடிக்கடி விழும். அரசமைப்புச் சட்டப்படி, இருப்புநிதி முதலீடுகளிலிருந்து எதிர்பார்க்கப்படும், விலைவாசி உயர்வைக் கழித்த நீண்டகால வருவாயில் 50 விழுக்காடு வரைதான் ஆண்டுச் செலவுக்கு எடுக்க முடியும். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த இருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். அரசாங்கம் தன் தவணைக்காலத்துக்குள் வரவையும் செலவையும் சரிக்கட்டியாக வேண்டும். இந்த வேலிக்குள் நின்று கேட்கும் கோரிக்கையே தாக்குப்பிடிக்கும்.

இந்தச் சேவையின் பெரிய குறை, நீங்கள் அனுப்பிய யோசனைக்குத் தனித்தனியாக 'ஏற்கிறோம்', 'ஏற்கவில்லை, காரணம் இது' என்ற பதிலை எதிர்பார்க்க முடியாது. பிப்ரவரி உரையைக் கேட்டு, நம் பேச்சு அதில் எங்காவது எதிரொலிக்கிறதா என்று நாமே தேட வேண்டியிருக்கிறது. கருத்துச் சொல்ல இவ்வளவு வாசல் வைத்தவர்கள், எது எங்கே போனது என்று தெரிந்துகொள்ள ஒரு சன்னலாவது வைக்க வேண்டும். மக்கள் ஓரிரு ஆண்டு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பதில் கிடைக்கும் வாசல் ஒன்று இருக்கிறது. நம்மவர்களில் கணக்காளர்களைத் தவிர அதை அறிந்தவர்கள் குறைவு. பட்ஜெட்டில் அறிவித்த வரி மாற்றங்களைச் சட்டமாக்க, நிதி அமைச்சு ஆண்டுதோறும் வருமான வரித் திருத்த மசோதாவின் வரைவை ஆண்டின் நடுவில், பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. சில வாரங்களே அவகாசம். ஒவ்வொரு கருத்துக்கும் தனிக் கடிதம் வராது என்பது உண்மைதான். ஆனால் முக்கியமான கருத்துகளின் தொகுப்பும் அவற்றுக்கு அமைச்சின் பதில்களும் பின்னர் வெளியாகும். எதை ஏற்று மசோதாவைத் திருத்தினார்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று படித்துப் பார்க்கலாம். கருத்துத் திரட்டுச் சேவைகளில் என் முதலிடம் இதற்குத்தான்.

இங்கே பிழை நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். வரி விகிதம் கூடுதல், சலுகை போதாது என்று எழுதுவார்கள். கொள்கை பிப்ரவரியிலேயே முடிந்துபோனது. இந்தக் கட்டத்தில் அமைச்சு கேட்பது, மசோதாவில் எழுதியிருக்கும் சட்டப்பிரிவு தெளிவாக இருக்கிறதா, நடைமுறைப்படுத்தும்போது எங்கே இடிக்கும் என்பதுதான். பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். ஓர் எண் உதாரணம் கொடுங்கள்: நிதியாண்டு ஜூன் மாதம் முடிகிற நிறுவனத்துக்கு இந்தத் தேதி எப்படிப் பொருந்தும் என்பது போல. முடிந்தால் மாற்று வாசகத்தையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் போடுங்கள், சந்தேகம் வந்தால் அவர்கள் திரும்பக் கேட்க அது வேண்டும். சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவர் தனியாக மசோதாவைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தன் கணக்காளரிடம் ஜூன் மாதமே சொல்லிவைத்தால் போதும், அல்லது சிக்கி எனும் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபை, லிஷா எனும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் மரபுடைமைச் சங்கம் போன்ற அமைப்புகளிடம் தன் சிக்கலை எழுத்தில் கொடுக்கலாம்.

எழுதுவதைவிடப் பேசுவது வசதி என்பவர்களுக்குத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி இருக்கிறது. பட்ஜெட் உரை முடிந்த உடனே போக வேண்டும். பொது விவாதத்துக்குப் பிறகு ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் தனித்தனியாக விவாதிப்பார்கள். அப்போது உறுப்பினர்கள் அந்த ஒதுக்கீட்டில் 100 வெள்ளி குறைக்கும்படி ஒரு தீர்மானம் கொண்டுவருவார்கள். பணத்தைக் குறைப்பது நோக்கமல்ல, அந்தத் தலைப்பில் பேசவும் அமைச்சரிடமிருந்து பதில் பெறவும் அதுவே வழி. உங்கள் விஷயம் அந்த உரையில் இடம்பெற்றால், அமைச்சரின் பதில் நாடாளுமன்றப் பதிவேட்டில் நிற்கும். மன்றத்தில் தமிழில் பேசவும் உரிமை உண்டு, மொழிபெயர்ப்பு வசதியும் உண்டு. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறிப்பாகக் கொடுத்தால் உறுப்பினருக்கு எடுத்துப் பேச வசதி.

எதை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு தவறு என்றால் அது உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் செய்யும் ஆட்சேபம். சேவை, பராமரிப்புக் கட்டணம் உயர்ந்தால் அது நகர மன்றத்தின் முடிவு, அதற்கான கழிவு மட்டுமே பட்ஜெட்டிலிருந்து வருகிறது. சொந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதையும் பட்ஜெட் படிவத்தில் எழுத வேண்டாம். அந்த நிராகரிப்புக்குக் காரணமான விதியை எழுதுங்கள், கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விதியின் சரியான வாசகம் அதில்தான் இருக்கும்.