காட்டு முதலுதவிப் பயிற்சி: சில வருடங்கள் கழித்துப் பார்த்தால்

வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்ட் என்கிற இரண்டு நாள் பயிற்சியை முடித்துச் சில வருடங்கள் ஆகின்றன, சான்றிதழைப் புதுப்பிக்க மறுபடியும் ஒருமுறை போய்வந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் அடிக்கடி நடப்பவர்கள், காசு கொடுத்துப் போகலாமா என்று கேட்டால் கண்டிப்பாகப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊரில் சொல்லித்தரும் முதலுதவி, 108 வந்து சேரும் வரைக்குமானது. கர்நாடகத்தின் குமாரபர்வத மலையில் உச்சிக்குப் பக்கத்தில் கால் பிசகினால் அடிவார ஊரான சுப்ரமண்யா வந்து சேர அரை நாளுக்கு மேல் ஆகிவிடும், சிக்னல் கிடைப்பது அதிர்ஷ்டம். அந்த இடைப்பட்ட மணிநேரங்களில் என்ன செய்வது என்பதுதான் இங்கே மொத்தப் பாடமும். இடம் பாதுகாப்பானதா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் எங்கிருந்தாவது போகிறதா, அப்புறம் தலையிலிருந்து பாதம்வரை கையால் தடவிப் பார்ப்பது, நாடித் துடிப்பையும் மூச்சு எண்ணிக்கையையும் மணியோடு எழுதிவைப்பது. ஒருமுறை எழுதிய எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கால் மணிக்கு ஒருமுறை எழுதினால்தான் ஆள் தேறுகிறாரா மோசமாகிறாரா என்று பிடிபடும், சுமந்து இறக்குவதா காத்திருப்பதா என்று முடிவும் எடுக்க முடியும்.

அதே மலைப்பாதையில், கல்லு மண்டபத்துக்குக் கீழே ஈரப்பாறையில் வழுக்கிய ஒருவரின் மணிக்கட்டு வளைந்தே போயிருந்தது. வீங்குவதற்கு முன்னால் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றினோம், படுக்கிற ஃபோம் பாயில் ஒரு துண்டை வெட்டி மடக்கித் தப்பையாக வைத்து, விரல் நுனிகள் வெளியே தெரியும்படி கட்டி, முக்கோணத் துணியில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டோம். கட்டியதோடு வேலை முடியவில்லை. விரலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க நகத்தை அழுத்திக் கையை எடுத்தால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், இறங்கும் வழியில் அது மெதுவாகத் திரும்பியது, விரலும் மரத்துப்போகிறது என்றார், உடனே தளர்த்திக் கட்டினோம். இதைப் பயிற்சியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பலமுறை செய்திருந்ததால் பதற்றமில்லாமல் நடந்தது.

பாம்புக்கடிப் பாடம் இன்னும் கொஞ்சம் விரிவாக இருந்திருக்கலாம். இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட கைகாலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்பதை நன்றாக மனதில் பதியவைத்தார்கள், சரி. ஆனால் நம்மிடம் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மலைக்காட்டில் சருகுக்குள் கிடக்கிற, மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்னக் குழிவிரியனின் விஷத்துக்கு அது வேலை செய்யாது. நம் மலைகளில் நடப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவி, அந்தப் பகுதியில் எனக்குப் பிடித்தது அந்த நேர்மை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தப் பழக்கிவிட்டு, மின்னதிர்ச்சிக் கருவியும் மருத்துவ உதவியும் எட்டாத காட்டில் 30 நிமிடம் விடாமல் செய்தும் அசைவே இல்லையென்றால் நிறுத்தலாம் என்று பயிற்றுநர் வெளிப்படையாகவே சொன்னார். கேட்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் குழுவை நடத்திப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். உயரமான இடங்களில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் பற்றிய பாடமும் உண்டு, 2,500 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்குத்தான் அது, இமயமலை போனால் உதவும்.

கை மறந்துவிடும் என்பது பெரிய பிரச்சினை. ஒரு வருடம் விட்டால் படுத்திருப்பவரின் கழுத்து அசையாமல் புரட்டுவதுகூடத் தடுமாறும், அதனால் மழைக்காலம் முடிந்ததும் நண்பர்கள் மொட்டை மாடியில் கூடிப் பழகுகிறோம்.

என் உண்மையான வருத்தம் வேறு. வகுப்பு முழுக்க ஆங்கிலம், கட்டணமும் அதிகம், எனவே வருகிறவர்கள் என்னைப் போன்ற நகரத்து ஆட்கள். காட்டில் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள் வழிகாட்டிகளும் மலைக்கிராமத்துக்காரர்களும்தான், 2018 மார்ச் 11 அன்று போடி பக்கத்துக் குரங்கணி மலையில் நடைபயணிகள் சிக்கிய காட்டுத்தீயின்போதும் முதலில் மேலே ஓடியது உள்ளூர் மக்கள். புதுப்பிக்கப் போனபோது தமிழில் நடத்த முடியுமா என்று கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். மேல்நிலைப் பயிற்சி முடித்து, தமிழில் சொல்லித்தரக்கூடிய மருத்துவரோ செவிலியரோ இதைப் படித்தால் முதல் வகுப்பைப் போடி மலையடிவாரத்தில் வையுங்கள், பாயும் கட்டுத்துணியும் நான் கொண்டுவருகிறேன்.