பாதி விலை ஏலக்காய்க் கடை: ஜிஎஸ்டி தேடல் பக்கம் எவ்வளவு உதவும்?

'போடி ஏலக்காய், 8 எம்எம் (காயின் அளவு), பாதி விலை' என்று முகநூலில் விளம்பரம் வந்தால் முதலில் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் தளத்தைத் திறங்கள். போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் புத்தடியிலும் நடக்கும் இ-ஏலத்தின் சராசரி விலை அங்கே கிடைக்கும். அது பல தரமும் கலந்த விலை. சலித்துப் பிரித்த 8 எம்எம் காய் அதற்கு மேலேதான் போகும். ஏல விலைக்கும் கீழே பெரிய காய் தருகிறவர் யாரிடம் வாங்கித் தருகிறார்?

விலை சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். ஆளைக் காட்டிக்கொடுப்பது ஜிஎஸ்டி தளத்தின் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பக்கம். லாகின் வேண்டாம், காசும் இல்லை. கடையின் இணையப் பக்கத்து அடியில் போட்டிருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அடித்து, கேப்சாவை நிரப்பினால் போதும்.

தேடுவதற்கு முன்பே அந்த எண் பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளா 32, ஆந்திரா 37. முகவரி போடிநாயக்கனூர், எண் மட்டும் 07 என்று தொடங்கினால் அது டெல்லிப் பதிவு. அடுத்த பத்தும் பான் எண். 15 இலக்கத்தில் ஆறாவதாக வரும் எழுத்தைப் பாருங்கள்: தனிநபருக்கு பி, கம்பெனிக்கு சி, கூட்டு வியாபாரத்துக்கு எஃப். 'பிரைவேட் லிமிடெட்' என்று பெயர் வைத்துக்கொண்டு அங்கே பி இருந்தால் மூடிவிடலாம்.

தேடிய பிறகு 'ஆக்டிவ்' என்று வந்ததுமே நிம்மதியாகிவிடாதீர்கள். பதிவான தேதி, முகவரி, சரக்கு எந்த வகை என்று காட்டும் எச்எஸ்என் எண் மூன்றையும் பாருங்கள். ஏலக்காய் 0908-இல் வரும். அந்த இடத்தில் செல்போன் உறை என்று இருந்தால் எண் வேறு யாருடையதோ. இந்தப் பக்கத்தின் பெரிய ஓட்டையும் இதுதான்: நல்ல வியாபாரியின் எண்ணைத் திருடி ஒட்டினால் எல்லாம் பச்சையாகவே தெரியும். அதனால் யுபிஐயில் பின் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரை, ஜிஎஸ்டியில் கண்ட பெயரோடு ஒப்பிடுங்கள். சம்பந்தமில்லாத தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள்.

'நாங்கள் தோட்டக்காரர், ஜிஎஸ்டி கிடையாது' என்பது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சொந்த விளைச்சலை விற்கும் விவசாயிக்குப் பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்டவரிடம் முதலில் நூறு கிராம் வாங்கிப் பார்க்கலாம்.

பிரவுசரின் முகவரிப் பெட்டியில் இருக்கும் பூட்டுப் படத்துக்கு மதிப்பெண் சுழியம். அந்தப் பூட்டைத் தரும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. டொமைன், அதாவது கடையின் இணைய முகவரி, எப்போது பதிவானது என்று ஹூயிஸ் என்கிற தேடலில் பார்ப்பது பரவாயில்லை. 'இருபது வருட அனுபவம்' என்கிற கடையின் டொமைன் போன மாதம் பிறந்திருக்கும். கேஷ் ஆன் டெலிவரியும் முழுக் காப்பு இல்லை. பெரும்பாலும் காசு கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க விடுவார்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள், அனுப்பியவர் முகவரி ஒட்டிய பக்கம் முதலில் தெரிகிற மாதிரி.

பணம் போய்விட்டால் அதே நிமிடம் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கடைக்காரர் பதில் மெயிலுக்குக் காத்திருந்தால், அதற்குள் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும்.