டைடிபி ஆபரேட்டரின் பெர்சிஸ்டென்ட் வால்யூம் காப்பு: ஒரு மதிப்புரை

கண்டெய்னர்களைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் டைடிபி தரவுத்தளத்தை நடத்துவோர் காப்பு நகலை வைப்பதற்கு, அந்தத் தரவுத்தளத்தை அங்கே நிர்வகிக்கும் மென்பொருளான டைடிபி ஆபரேட்டர் இரண்டு வகையான இடங்களை ஏற்றுக்கொள்கிறது. ஒன்று, எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், அஸூர் பிளாப் போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ். மற்றொன்று, கண்டெய்னர் அழிந்தாலும் நிலைத்திருக்கும் சேமிப்பிடமான பெர்சிஸ்டென்ட் வால்யூம். நடைமுறையில் இது பெரும்பாலும் கிளஸ்டருக்கு அருகில் நின்று, வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் ஒரு என்எஃப்எஸ் சர்வர்தான். தரவு தங்கள் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள நிறுவனங்கள், ஏற்கெனவே கையில் இருக்கும் என்எஃப்எஸ் சர்வரை நம்பி இரண்டாவது வழியையே முதலில் நாடுகின்றன. அந்த வழியை மட்டும், ஆபரேட்டரின் முதலாம் பதிப்பு வரிசையில் அது இயங்கும் விதத்தை வைத்து, இங்கே மதிப்பிடுகிறேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் கிடைக்கும் காப்பு நகல் நம்பத் தகுந்தது. அதன் தரத்தில் குறை காண இடமில்லை. ஆனால் அதற்கு விலையாக, காப்பு நகல் வாங்கும் சர்வரின் ஆரோக்கியத்தோடு தரவுத்தளத்தின் ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த விலையை அறிந்து ஏற்பவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

2015-இல் தொடங்கப்பட்ட பிங்கேப் நிறுவனத்தின் படைப்பான டைடிபியில் எஸ்கியூஎல் வினாக்களை டைடிபி சர்வர்கள் ஏற்கின்றன. தரவு டைகேவி என்னும் சேமிப்பு அடுக்கில் இருக்கிறது. நேர முத்திரை வழங்குவதையும் தரவு எங்கே இருக்கிறது என்ற கணக்கையும் பிடி கவனித்துக்கொள்கிறது. தரவு ரீஜன் எனப்படும் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு ரீஜனும், பிரதிகளை ஒத்துப்போக வைக்கும் ராஃப்ட் நெறிமுறையின் துணையோடு, வழக்கமாக மூன்று பிரதிகளாக வெவ்வேறு டைகேவி பாட்களில் (குபெர்னெட்டிஸ் ஒன்றாக இயக்கும் கண்டெய்னர் தொகுதிகளில்) வாழ்கிறது. மூன்று பிரதிகள் இருப்பதையே காப்பு என்று எண்ணிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வட்டு பழுதானால் அந்தப் பிரதிகள் காப்பாற்றும். தரவுத்தளத்தையே அழிக்கும் டிராப் டேட்டாபேஸ் கட்டளை தவறாக இடப்பட்டால், அதை மூன்று பிரதிகளும் ஒரே விசுவாசத்தோடு நிறைவேற்றும். ஒரு சில அட்டவணைகள் அழிந்ததைச் சில நிமிடங்களுக்குள் கவனித்துவிட்டால் ஃபிளாஷ்பேக் கட்டளை கைகொடுக்கக்கூடும். மற்ற எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு நகல் வேண்டும்.

அப்படியானால் டைகேவி பாட்களின் வால்யூம்களை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்துவிடலாமே என்று தோன்றும். குபெர்னெட்டிஸில் வால்யூம் ஸ்னாப்ஷாட் வசதி 1.20-ஆம் பதிப்பிலேயே, 2020 இறுதியில், முழுமை பெற்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு வால்யூமும் அதனதன் கணத்தில் படமெடுக்கப்படுகிறது என்பதுதான் சிக்கல். டைடிபியின் பரிவர்த்தனைகள் பெர்கோலேட்டர் முறையிலான இரண்டு கட்ட கமிட்டைப் பின்பற்றுகின்றன; அதாவது முதலில் வரிசைகளைப் பூட்டி, பிறகே மாற்றத்தை உறுதி செய்கின்றன. ஒரே பரிவர்த்தனையின் முதன்மைப் பூட்டு ஒரு பாட்டிலும் மற்ற வரிசைகள் வேறு பாட்களிலும் இருக்கக்கூடும். இரண்டு விநாடி இடைவெளியில் எடுத்த ஸ்னாப்ஷாட்களை ஒன்றாகச் சேர்த்தால், ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்து, மறு கணக்கில் வரவு வைக்கப்படாத நிலைகூட வரலாம். வட்டுகளை மட்டும் அறிந்த ஒரு கருவியால் இதைத் தீர்க்க முடியாது; அதற்குத் தரவுத்தளத்தின் நேரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

டைடிபியின் காப்பு, மீட்பு வேலைகளைச் செய்யும் பிஆர் என்னும் கருவியின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு பேக்கப் பொருளை, அதாவது எதை எங்கே நகலெடுக்க வேண்டும் என்ற குறிப்பை, யாம்ல் கோப்பாக எழுதிக் கிளஸ்டரில் சேர்த்தவுடன், ஆபரேட்டர் ஒருமுறை ஓடி முடியும் வேலையான ஒரு ஜாபை உருவாக்கி அதற்குள் பிஆரை இயக்குகிறது. பிஆர், பிடியிடமிருந்து ஒரு நேர முத்திரையைப் பெற்று, அந்த முத்திரைக்குரிய நிலையை எழுதித் தரும்படி எல்லா டைகேவி பாட்களுக்கும் சொல்கிறது. எந்த ரீஜனின் தலைமைப் பிரதி தன்னிடம் இருக்கிறதோ அதை மட்டும் ஒவ்வொரு பாட்டும் எஸ்எஸ்டி (SST) எனப்படும் தரவுக் கோப்புகளாக எழுதுகிறது. எல்லாம் முடிந்ததும் அவற்றின் விவரப் பட்டியலான பேக்கப்மெட்டா என்ற கோப்பைப் பிஆர் எழுதி முடிக்கிறது. மூன்று பிரதிகளில் ஒன்றே நகலாவதால், காப்பு நகல் கிளஸ்டரின் மொத்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக அமைகிறது. தரவுத்தளம் வேலை செய்துகொண்டே இருக்க, தரவு எழுதப்படுவதை நிறுத்தாமல், ஒரே கணத்துக்குரிய முழுப் படம் கிடைக்கிறது. பழைய பதிப்புகளைத் துப்புரவு செய்யும் ஜிசி இயல்பாகப் பத்து நிமிட வரலாற்றை மட்டுமே விட்டுவைக்கும்; நகலெடுக்கும் வேலை மணிக்கணக்கில் நீண்டாலும் தனக்கு வேண்டிய நிலை அழிந்துவிடாமல் பிஆர் 4.0.8-ஆம் பதிப்பு முதல் தானே தடுத்துவைக்கிறது. அதற்கு முன்னர் இந்தக் காலத்தை நிர்வாகி கையால் நீட்டிக்க வேண்டியிருந்ததை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

இனி வால்யூமுக்கு வருவோம். எஸ்எஸ்டி கோப்புகளை எழுதுவது பிஆர் பாட் இல்லை, டைகேவி பாட்கள்தான் என்று மேலே சொன்னதிலிருந்தே மற்ற எல்லாம் பின்தொடர்கிறது. ஆகவே அந்த வால்யூம் ஒரே நேரத்தில் பல கணினிகளிலிருந்து எழுத அனுமதிப்பதாக, அதாவது ரீட்ரைட்மெனி வகையாக இருக்க வேண்டும். மேகச் சேவைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிளாக் வட்டுகள், ஒரு நேரத்தில் ஒரே கணினியில் மட்டும் இணையும் ரீட்ரைட்ஒன்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவை இதற்கு உதவா. ஆபரேட்டரின் ஆவணம் என்எஃப்எஸையே எடுத்துக்காட்டாகக் கொள்வதற்கும் காரணம் இதுவே. பேக்கப் பொருளின் லோக்கல் பகுதியில் என்எஃப்எஸ் சர்வரின் முகவரியையும், அது பாட்டுக்குள் இணைக்கப்படும் இடமான மவுன்ட் பாதையையும் தந்தால் மட்டும் போதாது; டைடிபிகிளஸ்டர் பொருளில் டைகேவிக்கான அடிஷனல்வால்யூம்ஸ், அடிஷனல்வால்யூம்மவுன்ட்ஸ் பகுதிகளிலும் அதே சர்வரை அதே பாதையில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தவுடன் டைகேவி பாட்கள் ஒவ்வொன்றாக மறுதொடக்கம் ஆகும் என்பதால், காப்பு நகலுக்கான முதல் ஏற்பாட்டையே நெரிசல் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும்.

பாதையின் பெயர் எங்கும் ஒன்றாக இருந்து, பின்னால் இருக்கும் சேமிப்பிடம் மட்டும் பகிரப்படாததாக இருந்தால், உதாரணமாக ஒவ்வொரு கணினியின் சொந்த வட்டையே அந்தப் பாதையில் மவுன்ட் செய்திருந்தால், எஸ்எஸ்டி கோப்புகள் கணினிக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும். நகலெடுக்கும்போது எதுவும் தவறியதாகத் தெரியாது. மீட்டெடுக்கும் நாளில்தான் எஸ்எஸ்டி கோப்பைப் பதிவிறக்க முடியவில்லை என்ற பிழை வரும். முதல் நகல் முடிந்ததும் என்எஃப்எஸ் சர்வருக்குள் நேரடியாகச் சென்று, பேக்கப்மெட்டாவுடன் எஸ்எஸ்டி கோப்புகளும் ஓரிடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது அவசியம். அனுமதிகளையும் அப்போதே பார்த்துவிடலாம். லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வர்களில், ரூட் பயனரின் அதிகாரத்தை மறுக்கும் ரூட்ஸ்குவாஷ் இயல்பாகவே செயலில் இருக்கும். கண்டெய்னர்கள் ரூட் பயனராக ஓடினால் அவை எழுத முயல்வது அடையாளமற்ற பயனரின் பெயரில் போய், அனுமதி மறுக்கப்படும்.

என் முதன்மையான ஆட்சேபம் அந்த நிரந்தர மவுன்ட் குறித்தது. காப்பு நகல் இரவில் ஒருமுறை எடுக்கப்படுகிறது. மவுன்ட்டோ இருபத்து நான்கு மணி நேரமும் டைகேவி பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்எஃப்எஸ் சர்வர் செயலிழந்த நேரத்தில் ஒரு கணினியும் பழுதாகி, அதிலிருந்த டைகேவி பாட் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தால், வால்யூமை மவுன்ட் செய்ய முடியாமல் அது கண்டெய்னர்கிரியேட்டிங் நிலையிலேயே நின்றுவிடும். என்எஃப்எஸின் இயல்பான ஹார்ட் மவுன்ட் முறையில், நகலெடுப்பின் நடுவே சர்வர் மறைந்தால் எழுதிக்கொண்டிருக்கும் இழைகள் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். பாட்டை அழிக்க முயன்றாலும் எளிதில் அழியாது. அன்றாட வேலைக்குத் தேவையே இல்லாத ஒரு துணைச் சர்வர், உற்பத்திச் சூழலின் மீட்சியைத் தடுக்கும் நிலை இது. வீட்டுச் சாவியின் மறுபிரதியை அண்டை வீட்டில் கொடுத்துவைப்பது நல்ல ஏற்பாடு. அண்டை வீட்டார் கதவைத் திறந்தால்தான் நம் கதவும் திறக்கும் என்றாகிவிட்டால் அது ஏற்பாடாகாது. இதை ஆபரேட்டரின் பிழை என்று சொல்லமாட்டேன். டைகேவி நேரடியாக எழுதுவதால் கிடைக்கும் வேகத்தின் மறுபக்கமே இது. ஆனால் ஆவணத்தில் இந்த எச்சரிக்கை முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நகலெடுக்கும் வேகத்தை விநாடிக்கு இத்தனை எம்பி என்று வரம்பிடும் ரேட்லிமிட் என்ற அமைப்பு ஒவ்வொரு டைகேவிக்கும் தனித்தனியே பொருந்துகிறது. ஆறு டைகேவி பாட்கள் இருக்கும் கிளஸ்டரில் அதை 100 என்று வைத்தால், என்எஃப்எஸ் சர்வரின் வாசலில் விநாடிக்கு 600 எம்பி வந்து நிற்கும். பத்து கிகாபிட் இணைப்பு இதைத் தாங்கும். ஒரு கிகாபிட் இணைப்பின் உச்ச வரம்பே 125 எம்பிதான். அந்த வேகத்தில் 2 டிபி அளவுள்ள நகல் முடிய ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஜிசி தடுக்கப்பட்டிருப்பதால் பழைய பதிப்புகள் குவியும். டைகேவி பக்கத்தில் 5.4-ஆம் பதிப்பு முதல் உள்ள தானியங்கிச் சீராக்கம், சிபியூ நெருக்கடியின்போது நகலெடுக்கும் இழைகளைத் தானே குறைத்துக்கொள்கிறது. என்எஃப்எஸ் சர்வர் திணறுவதை அது அறியாது. அந்தப் பக்கத்தை ரேட்லிமிட்டைக் கொண்டு நிர்வாகிதான் கட்டுப்படுத்த வேண்டும்.

தினசரி நகலுக்குப் பேக்கப்ஷெட்யூல் பொருள் இருக்கிறது. கிரான் வடிவில் நேரத்தைத் தரலாம். மேக்ஸ்பேக்கப்ஸ் வழியாக எத்தனை நகல்கள் இருக்கலாம் என்றும், மேக்ஸ்ரிசர்வ்டுடைம் வழியாக எவ்வளவு காலம் இருக்கலாம் என்றும் வரையறுக்கலாம். இரண்டையும் தந்தால் காலக்கெடுவே செல்லும். ஆவணத்தின் எடுத்துக்காட்டில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று போட்டிருப்பதை யாரும் அப்படியே நகலெடுத்துவிட வேண்டாம். கிளீன்பாலிசியின் இயல்பு மதிப்பு ரீட்டெய்ன் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: பேக்கப் பொருளைக் கையால் நீக்கினாலும் என்எஃப்எஸில் உள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். பாதுகாப்பின் பக்கம் சாயும் இந்தத் தேர்வு சரியானதே. ஆனால் பொருள்களை நீக்கிவிட்டு இடம் காலியாகிவிட்டதாக எண்ணினால் வட்டு ஒருநாள் நிரம்பிவிடும்.

மீட்டெடுப்பு இந்தக் கருவியின் மிகச் சிறந்த பகுதி. ரிஸ்டோர் பொருளில் அதே லோக்கல் பகுதியை எழுதினால் போதும். பிஆர் முதலில் ரீஜன்களைப் பிரித்துப் பல பாட்களுக்கும் பரப்பி, பிறகு ஒவ்வொரு டைகேவியும் தனக்குரிய எஸ்எஸ்டி கோப்புகளை எடுத்து நேரடியாகத் தன் சேமிப்பில் சேர்க்கும்படி செய்கிறது. எஸ்கியூஎல் வரிகளை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டும் முறையோடு ஒப்பிடவே முடியாத வேகம் இதனால் கிடைக்கிறது. நகலெடுக்கும்போது தலைமைப் பிரதி மட்டுமே எழுதியது. மீட்கும்போது எல்லாப் பிரதிகளும் வாசிப்பதால் என்எஃப்எஸ் மீதான சுமை அதிகம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முழு மீட்டெடுப்புக்குக் காலியான கிளஸ்டர் தேவை. அந்தப் புதிய கிளஸ்டரின் டைகேவி பாட்களிலும் அதே மவுன்ட் இருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு கிளஸ்டர்களிலும், சொற்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதியைத் தீர்மானிக்கும் நியூகொலேஷன் அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். 6.0-ஆம் பதிப்பில் அதன் இயல்பு மதிப்பு மாறியதால், பழைய பதிப்பில் எடுத்த நகலைப் புதிய கிளஸ்டரில் மீட்கிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். இந்த அமைப்பு கிளஸ்டரை முதன்முதலாக உருவாக்கும்போதே தீர்மானிக்கப்படுவது. பின்னர் மாற்ற முடியாது.

இந்த வழியில் கிடைப்பது குறிப்பிட்ட கணத்தின் படம் மட்டுமே. நள்ளிரவில் எடுத்த நகலை வைத்துக்கொண்டு மறுநாள் மாலை நான்கு மணி நிலைக்குத் திரும்ப முடியாது. அதற்கு 6.2-ஆம் பதிப்பில் வந்த தொடர் பதிவுக் காப்பு வேண்டும். இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கும் அந்த வேலைக்கு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜே பொருத்தமான இடம். மறுபுறம், தரவு சிறியதாக இருந்து எஸ்கியூஎல் அல்லது சிஎஸ்வி வடிவமே போதும் என்றால் டம்ப்ளிங் கருவியைப் பார்க்கலாம். அது ஒரே பாட்டில் ஓடி, தானே எழுதுவதால் சாதாரண ரீட்ரைட்ஒன்ஸ் வால்யூமே போதுமானது. டைகேவியைத் தொட வேண்டியதில்லை.

இந்த வழியைத் தேர்வதற்கு முன் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என்எஃப்எஸ் சர்வர் கிளஸ்டரின் கணினிகளில் ஒன்றாக இருக்கக் கூடாது. அதன் மின்சாரமும் வட்டுகளும் தனியாக இருக்க வேண்டும். அங்கிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஒரு நகல் போக வேண்டும். வால்யூமை ஸ்டோரேஜ்கிளாஸ் வழியாகத் தானாக உருவாக்கியிருந்தால், கோரிக்கை நீங்கியபின் வால்யூமை என்ன செய்வது என்று சொல்லும் அதன் ரீகிளெய்ம்பாலிசியை ரீட்டெய்னுக்கு மாற்றிவிட வேண்டும். அங்கே இயல்பு மதிப்பு டிலீட் என்பதால், வால்யூமுக்கான கோரிக்கையான பெர்சிஸ்டென்ட்வால்யூம்கிளெய்மை யாராவது நீக்கினால் காப்பு நகல்களும் சேர்ந்து போய்விடும். வளாகத்துக்குள்ளேயே செஃப் போன்ற சேமிப்பு அமைப்பு ஏற்கெனவே இருந்தால், அதன் எஸ்3 நுழைவாயிலைத் திறந்து அங்கேயே நகலை அனுப்புவதை நான் விரும்புவேன்: பேக்கப் பொருளில் லோக்கல் பகுதிக்குப் பதிலாக எஸ்3 பகுதியை எழுதி, அணுகல் சாவியைக் குபெர்னெட்டிஸின் ரகசியப் பெட்டகமான ஒரு சீக்ரெட்டில் வைத்தால் போதும்; தரவும் வளாகத்தை விட்டு வெளியேறாது, டைகேவி பாட்களிலிருந்த அந்த மவுன்ட்டையும் கழற்றிவிடலாம்.