பேங்குகளோட அவசர கால சேவை: 5-க்கு 3

வெள்ளமோ புயலோ ஊரடங்கோ, பேங்க்ல இருந்து முதல்ல வந்து சேர்றது "உங்களுக்கு துணையா இருக்கோம்"னு ஒரு எஸ்எம்எஸ் தான். அது கெடக்கட்டும், நிஜமா என்ன குடுக்குறாங்கன்னு பாப்போம்.

கிளை நேரத்தை குறைப்பாங்க, ஸ்டாஃப்பை ரெண்டு டீமா பிரிச்சு மாத்தி மாத்தி வர வைப்பாங்க, நோய் பரவுற நேரத்துல ஒரு டீம் படுத்தா இன்னொண்ணு கிளையை ஓட்டும், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பாஸ்புக் என்ட்ரி போட வந்தவரும் அவசரத்துக்கு பணம் எடுக்க வந்தவரும் ஒரே லைன்ல தான் வெயில்ல நிக்கணும். வாசல்ல ஒருத்தர் நின்னு என்ன வேலைன்னு கேட்டு அனுப்பினாலே பாதி கூட்டம் கரைஞ்சிடுமே, ஏன் செய்ய மாட்டேங்குறாங்க?

அடுத்த பேங்க் ஏடிஎம்ல எடுத்தா சார்ஜ் இல்லன்னு அறிவிப்பாங்க, சந்தோஷம், மெஷின்ல காசு இருக்கணுமே. கரண்டும் டவரும் போயிட்டா ஆப்பும் கார்டும் ஒண்ணுக்கும் ஆகாது, கையில நோட்டு வேணும். இதுல அசத்தினது அமெரிக்காவுல ஹான்காக் பேங்க் தான். 2005 கத்ரீனா புயல்ல சிஸ்டம் மொத்தமா படுத்துடுச்சு, மிசிசிப்பி கரையோரம் மேஜையை போட்டு உக்காந்து, சேத்துல நனைஞ்ச நோட்டை துவைச்சு அயர்ன் பண்ணி, கடன் சீட்டுல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு ஆளுக்கு 200 டாலர் குடுத்தாங்க, அவங்க கஸ்டமரா இல்லாதவங்களுக்கும் சேத்து. கிட்டத்தட்ட எல்லா பணமும் திரும்பி வந்துச்சு!

மார்க் குறைச்சது மொரட்டோரியத்துக்கு, அதாவது இஎம்ஐயை கொஞ்ச காலம் கட்டாம தள்ளிப்போட விடுற ஏற்பாட்டுக்கு. 2020 மார்ச்ல இந்தியாவுல ரிசர்வ் பேங்க் மூணு மாசம் இஎம்ஐ தள்ளிப்போட அனுமதி குடுத்தப்போ தள்ளுபடின்னே நெனச்சவங்க நிறைய பேர். வட்டி பாட்டுக்கு ஓடிட்டே தான் இருக்கும். 10 லட்சம், 9 சதவீதம், 20 வருஷ லோன்னு வைங்க, ஆரம்பத்துலயே மூணு மாசம் கட்டாம விட்டு, வட்டி அசல்ல சேந்து, அப்புறம் அதே இஎம்ஐயே கட்டிட்டு வந்தா லோன் முடியறது சுமார் 19 மாசம் தள்ளிப்போகும், மூணு இல்ல. இந்த கணக்கை எந்த எஸ்எம்எஸ்லயும் நான் பாக்கல. வருமானம் சுத்தமா நின்னு போனவங்க தாராளமா எடுங்க, வேற வழியில்ல. சம்பளம் வந்துட்டு இருந்தா "எடுத்தா மொத்தம் எத்தனை இஎம்ஐ கூடும்"னு மெயில்ல கேட்டு பதில் வாங்கிட்டு முடிவு பண்ணுங்க, அந்த நேரத்துல கஸ்டமர் கேர் லைன் கிடைக்கவே கிடைக்காது.