சேலத்தில் வரி வேலைக்குப் பணம் கொடுப்பவர்கள் கவனிக்கவும்: 8,500 ரூபாய் போச்சு

எழுதும்போதே கை நடுங்குகிறது. மதியம்தான் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்தேன். ஐந்து ரோடு பக்கம், வரி தாக்கல், பான் கார்டு, பட்டா என்று எல்லாம் செய்து தரும் ஒரு சின்ன அலுவலகம். பெயர் வேண்டாம். கடைசியில் என்ன செய்யலாம் என்றும் எழுதுகிறேன்.

நான் லேப் டெக்னீஷியன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2021-ல் வேலையை விட்டேன். இப்போது அழகாபுரத்தில் மறுபடி வேலை கிடைத்தது. சேரும்போது பான் கேட்டார்கள். அது செயலிழந்து கிடந்தது. ஆதாரில் என் பெயர் இனிஷியலோடு இருக்கும், பானில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். அந்தக் குழப்பத்தில் 2023 ஜூன் 30 கெடுவுக்குள் இரண்டையும் இணைக்காமல் விட்டுவிட்டேன்.

அதைச் சரிசெய்யத்தான் அந்தக் கடைக்குப் போனேன். அங்கிருந்த ஆள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நாலு வருஷம் கணக்கு காட்டாமல் இருந்தால் சம்பளம் ஏறியதும் நோட்டீஸ் வரும் என்றார். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: வருஷத்துக்கு 1,500 வீதம் நாலு வருஷத்துக்கு 6,000, பான் இணைக்க 2,500, மொத்தம் 8,500. பையன் வேன் பீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு 500 ரூபாய் நோட்டு ஒட்டிக்கொண்டு ஒன்று கூடுதலாகப் போயிருக்கிறது. அவரே பிரித்து எடுத்து, "அடுத்தவங்க காசு நமக்கு எதுக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு நோட்டில்தான் நான் விழுந்தேன். அதற்கப்புறம் ரசீது கேட்கவே தோன்றவில்லை. ராத்திரி போன் செய்து ஓ.டி.பி. கேட்டார், அதையும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து நாலு தாள் கொடுத்தார். "எல்லாம் முடிஞ்சுதும்மா, பான் மட்டும் ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார். வரவில்லை. கேட்டால் சர்வர் டவுன். அப்புறம் சென்னையில் அப்ரூவல் ஆகணும். அடுத்த வாரம் சார் ஏற்காடு போயிருக்கார். போன் எடுப்பதை நிறுத்தினார். நேரில் போனால் கவுண்டரில் ஒரு பையன் தலையை நிமிர்த்தாமல், "உங்க ஃபைல் இங்க இல்லைக்கா" என்கிறான். 8,500 ரூபாய் கொடுத்தவளுக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை.

எங்கள் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காவிடம் அந்த நாலு தாளையும் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டி, "அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் எங்கம்மா?" என்று கேட்டார். உண்மையில் தாக்கல் ஆகியிருந்தால் 15 இலக்க எண் இருக்குமாம். ஒரு தாளிலும் இல்லை. வெறும் பிரிண்ட் அவுட். என்னைப் போல வருமானமே இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள் பொதுவாக அந்த வருஷங்களுக்கு ரிட்டர்ன் போடவே தேவையில்லையாம். கட்ட வேண்டிய வரி இல்லாதபோது பழைய வருஷத்துக்கு இப்போது போடவும் முடியாதாம். அப்படியென்றால் செய்யவே முடியாத வேலைக்கு என்னிடம் 6,000 வாங்கியிருக்கிறார்! பான் இணைப்புக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். அதையும் கட்டவில்லை. வருமான வரித் தளத்தில் என் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தால், ஓ.டி.பி. போகும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்னுடையது இல்லை.

இன்று நேரில் போனபோது அவரே இருந்தார். "வேலை பார்த்ததுக்குத்தானேம்மா காசு" என்றார். அம்மா மருந்துச் செலவு போக மிச்சம் பிடித்த 8,500 அது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. சொல்லாதீர்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் உங்கள் மொபைல் எண்தான் இருக்க வேண்டும். பான் ஆதாரோடு இணைந்ததா என்று லாகின் செய்யாமலேயே அந்தத் தளத்தில் பார்க்கலாம், கட்டணத்தையும் நாமே கட்டலாம். நான் இன்று சாயங்காலம் அந்த 1,000 ரூபாயை நானே கட்டினேன். நாளைக்குக் காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யப் போகிறேன். அந்தக் காலண்டர் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.