நாக்நரே மலைக்கு 60 படி

கும்பகோணத்தில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை கதை சொல்கிறார்கள். டிக்கெட் 120 ரூபாய், காப்பி உட்பட. விடுமுறைக்கு வந்த ஒன்பது வயதுப் பேரனோடு போனேன். அன்றைக்கு அயர்லாந்துக் கதை: ஸ்லைகோ பக்கத்து நாக்நரே மலையும், உச்சியில் மேவ் ராணியின் சமாதி என்று சொல்லப்படும் கற்குவியலும்.

மலையின் உயரம் 327 மீட்டர். “தஞ்சாவூர்ப் பெரிய கோவில் விமானம் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள்” என்றார் கதை சொன்ன பெண். மலை என்றால் சுவாமிமலையின் 60 படிதான் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதுவும் கட்டுமலை.

மேவ் ராணியும் அவள் கணவன் அலிலும் யாருக்குச் சொத்து அதிகம் என்று வாளி, அண்டா முதல் ஆடு, குதிரை வரை எண்ணுகிறார்கள். எல்லாம் சரிக்குச் சரி. அவனிடம் வெள்ளைக்கொம்புக் காளை ஒன்று கூடுதல். அது அவள் மந்தையில் பிறந்ததுதான். பெண்ணுக்கு உடைமையாக இருப்பதா என்று அவன் மந்தைக்குப் போய்விட்டதாம்! முன்வரிசைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கதை சற்று நின்றுபோனது. அதற்கு ஈடான காளையைக் கவர, பகை நாடான அல்ஸ்டர்மேல் மேவின் படை கிளம்புகிறது. கூஹலின் என்ற இளைஞன் தனியாளாக மறிக்கிறான்.

இது ஆநிரை கவர்தல் அல்லவா? நம் இலக்கியத்தில் ஆநிரை கவரும் வெட்சியையும் மீட்கும் கரந்தையையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருடம் தமிழ் வகுப்பெடுத்த எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

ராணியை நின்ற கோலத்தில், பகைவர் நாட்டைப் பார்த்தபடி புதைத்தார்களாம். மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுபோய்ப் போடும் வழக்கம் உண்டு என்று சொல்லி, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கருங்கல் ஜல்லி கொடுத்தார். எங்கள் வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? வீடு கட்டுகிற இடத்தில் அள்ளியது போலும், சிமெண்ட் ஒட்டியிருந்தது. மேசைமேல் குவித்தார்கள்.

“தோண்டிப் பார்த்தார்களா?” என்றான் பேரன். இல்லை என்றார்; அத்தோடு விட்டார். குவியலுக்கு வயது ஏறத்தாழ 5,000 ஆண்டு. மேவின் காலமாகக் கதை சொல்வது 2,000 ஆண்டுக்கு முன். சமாதி ராணிக்கு 3,000 வருடம் மூத்தது! சொன்னால் சுவை குறையும் என்று நினைத்தாரோ? கூடியிருக்கும்.

காப்பி வெறும் வெந்நீர். கும்பகோணத்தில் அப்படி ஒன்றைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் அடுத்த மாதத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

மறுநாள் சுவாமிமலை ஏறும்போது பேரனின் சட்டைப்பை கனத்துத் தொங்கியது. ஜல்லியை மேசையில் போடாமல் எடுத்துவந்திருக்கிறான். எந்தப் படியில் வைப்பது என்று கேட்டான்.