காரில் பிரேக் பேடு மாற்றினால் டிஸ்க்கையும் கடைசல் பிடிக்கணுமா? 1,24,000 கி.மீ. அனுபவம்

பாளையங்கோட்டையில் வீடு, தூத்துக்குடியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் நாலுவழிச்சாலை. லீவு வந்தால் பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சாரல் சீசனில் குற்றாலம். ஐந்து வருடத்தில் காரின் முன்பக்க பேடு (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை) மூன்று முறை மாற்றியாயிற்று.

முதல் பேடு 36,000-இல் தேய்ந்தது. "டிஸ்க்கையும் லேத்துல ஒரு கடைசல் பிடிச்சிரணும் அண்ணாச்சி, இல்லன்னா சத்தம் வரும்" என்றார்கள் ஒர்க்ஷாப்பில். டிஸ்க்கின் முகத்தை மெல்லிசாகச் சீவி மட்டமாக்குவதுதான் கடைசல். அதுவரை பெடலில் ஒரு உதறலும் கிடையாது. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். டிஸ்க் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளவென்று வந்தது.

5,000 கி.மீ. கழித்து, வாகைக்குளம் பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் பிரேக்கை அமுக்கினேன். ஸ்டீயரிங் கையில் உதறியது.

டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வளையவெல்லாம் இல்லை. லேத்தில் பூட்டும்போதோ திரும்ப மாட்டும்போதோ டிஸ்க் நேராக உட்காரவில்லை. சுற்றும்போது 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தாலே போதும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் அதே இடம் சுற்றுக்குச் சுற்று பேடில் உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மெலிந்து தடிமன் சீரில்லாமல் ஆகும். அதனால்தான் உதறல் அன்றைக்கே தெரியாமல் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வருகிறது.

"இன்னொரு கடைசல் பிடிப்போம்" என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். என்னிடம் இருந்த வெர்னியரை வைத்து அளந்து, 21 மி.மீ. இருக்கிறதே என்றேன். சிரித்தார். டிஸ்க்கின் ஓரத்தில் பேடு படாத துரு விளிம்பு ஒன்று இருக்கும். வெர்னியரின் தாடை அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி வைத்தார்: 20.2. டிஸ்க்கிலேயே பொறித்திருந்த குறைந்தபட்ச அளவு 20. இன்னொரு கடைசலுக்கு இடமே இல்லை. நல்ல இரும்பைக் காசு கொடுத்துச் சீவி எறிந்திருக்கிறேன்! புது டிஸ்க் இரண்டு வாங்க வேண்டியதாயிற்று.

அந்த டிஸ்க்குகள்தான் இன்றும் ஓடுகின்றன. 76,000-இலும் 1,09,000-இலும் பேடு மட்டும் மாற்றினேன். அளந்து பார்த்தோம், தடிமன் இருந்தது. பெரியவர் டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பில் பிடித்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினார். இதை யாரும் செய்வதில்லை. ஒரு துருப்பொடி இடையில் சிக்கினாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். அப்புறம் உப்புத்தாளால் டிஸ்க்கின் முகத்தை லேசாகத் தேய்த்துத் துடைத்தார். அவ்வளவுதான்.

விடியற்காலையில் காலிச்சாலையில் 60-இலிருந்து 20 வரை, வண்டியை முழுசாக நிறுத்தாமல், பத்து தடவை பிரேக் பிடித்துப் புது பேடைப் பழக்கினேன். நடுவில் ஆற விட்டேன். முதல் 200 கி.மீ. கொஞ்சம் கீச்சென்றது, பிறகு நின்றுவிட்டது. போன மாதம் காரையாற்றிலிருந்து இறங்கும்போதும் பெடல் கல் மாதிரி நின்றது.

கடைசலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நகத்தை ஓட்டினால் சிக்குகிற அளவு பள்ளம், அல்லது உதறல், கூடவே சீவிய பிறகும் குறைந்தபட்சத்துக்கு மேல் தடிமன் மிஞ்சும் என்றால் பிடிக்கலாம். வண்டியில் வைத்தபடியே கடைசல் பிடிக்கும் மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. உவரி மாதிரி கடற்கரை ஊரில் ஒரு ராத்திரி நிறுத்தினால் காலையில் டிஸ்க் துருப்பிடித்துச் செக்கச் செவேலென்று இருக்கும். அதைப் பார்த்து லேத்துக்கு ஓடாதீர்கள், இரண்டு பிரேக்கில் போய்விடும்.